காண்டாமிருகம் கேட்காத தீவு

முதல் நாள், வியாழன்: பெரிய ஓடம்

விடிய ஐந்தரைக்கு ஸ்காபரோவிலிருந்து வெளிக்கிட்டோம். எழுத லேசாக இருக்கிறது. அம்மாவுக்கு மூன்று தரம் சப்பாத்து மாட்டி, மூன்று தரமும் "எங்கை போறம்?" என்பதற்குப் பதில் சொல்லிக் கதவைப் பூட்டிய பிறகு, "அடுப்பை நூத்தனியோ?" என்று கேட்டார். திரும்ப மாடி ஏறிப் போய்ப் பார்த்து வந்தேன். எங்கள் வீட்டில் கறண்ட் அடுப்பு. அம்மா நூர்க்கச் சொல்வது நயினாதீவில் ஐம்பது வருஷத்துக்கு முன் எரிந்த விறகடுப்பை. இருந்தாலும் போய்ப் பார்த்து, "நூத்திட்டன் அம்மா" என்று சொன்னால்தான் காரில் ஏறுவார்.

காரில் மூன்று பேர். அம்மாவுக்கு 81 வயது. டிமென்சியா என்று எழுதித் தந்து மூன்று வருஷமாகிறது. ஊர்ப் பாஷையில் சொன்னால் அறளை பெயர்ந்துவிட்டது. நான் முதியோர் இல்லமொன்றில் பதினாறு வருஷமாகப் பராமரிப்பு வேலை செய்கிறேன். கார் ஓட்டுவது அண்ணாவின் மகள், பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிக்கிறாள். இந்தப் பயணமே அவளின் ஏற்பாடு. "மாமி, அப்பம்மாவுக்குச் செய்த அந்தச் சோதினையைப் பற்றி மூன்று வருஷமாய்ப் புறுபுறுத்துக்கொண்டிருக்கிறியள். அந்தச் சோதினையே வேண்டாம் எண்டு சொன்ன சனம் இருக்கிற இடத்துக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போறன்" என்றாள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவோம் என்றது நான். அது புத்தியான முடிவா என்று ஓறஞ்வில் தாண்டும் வரை யோசித்தேன்.

ரொபர்மோரி வரை நாலு மணித்தியாலத்துக்கு மேல். அங்கேதான் தரை முடிகிறது. இனிமேல் ஹூரன் ஏரி. மனிட்டூலின் தீவுக்குப் போகும் கப்பலின் பெயர் சீ-சீமான். இந்தத் தீவின் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்களின் மொழியில் 'பெரிய ஓடம்' என்று பொருள். 1974இலிருந்து ஓடுகிறது. மருமகள் பெயரை வாசிக்க, பின் சீற்றிலிருந்து அம்மா கேட்டார், "எந்தச் சீமான்ரை கப்பல்?" சிரித்து முடிய ஐந்து நிமிஷம் பிடித்தது. ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமல் அம்மாவும் சேர்ந்து சிரித்தார்.

கப்பலின் மூக்கு அப்படியே மேலே தூக்கிக்கொள்ளும். சுறா வாய் திறந்தது போல இருக்கும். கார்கள் ஒவ்வொன்றாய் வாய்க்குள் போகும். மேல்தட்டுக்கு ஏறியதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. முதுகு நிமிர்ந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "லோஞ்சைப் பெரிசாக்கிப்போட்டாங்கள்" என்றார். குறிகட்டுவான் துறையிலிருந்து நாகபூசணி அம்மனிடம் போகிறோம் என்று நினைத்துவிட்டார். கற்பூரம் எடுத்தாயா, அர்ச்சனைக்குத் தேங்காய் எங்கே, தலை கட்டாமல் வந்து நிற்கிறாய் என்று எனக்கு வரிசையாய் ஏச்சு. நான் திருத்தவில்லை. வேலையிடத்தில் நான் படித்த முதல் பாடம் அதுதான், அவர்கள் நிற்கும் இடத்துக்கு நாம் போக வேண்டும்.

அரை மணித்தியாலம் போயிருக்கும். காற்றை இரண்டு தரம் இழுத்து மணந்து பார்த்தார். "உப்பு மணக்கேல்லை" என்றார். பிறகு என் கையை இறுக்கிப் பிடித்து மெல்லிய குரலில், "பிள்ளை, இது எங்கடை கடல் இல்லை."

மூளை தவறவிட்டதை மூக்கு பிடித்துவிட்டது. "இது ஏரி அப்பம்மா, நல்ல தண்ணி" என்று மருமகள் சொன்னாள். அம்மா நாலு பக்கமும் பார்த்தார். கரை எங்கேயும் இல்லை. "குளமோ? இவ்வளவு பெரிய குளத்தை ஆர் வெட்டினது?"

ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் சவுத் பேமவுத். நன்னீர் ஏரிக்குள் இருக்கும் தீவுகளில் உலகத்திலேயே பெரியது இது, 2,766 சதுர கிலோமீற்றர். யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். அம்மா தீவுக்காரி. தீவு என்றால் நடந்து சுற்றி வரலாம் என்பது அவரின் கணக்கு. மோட்டலுக்கு வந்து சேரும் வரை, "இன்னும் தீவு முடியேல்லையோ?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

இரவு இரண்டு பேரும் நித்திரை. நான் மட்டும் முழித்திருந்து இதை எழுதுகிறேன். அந்தச் சோதனை என்ன என்று கேட்பவர்களுக்காக:

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மருத்துவ நிலையத்தில் அம்மாவுக்கு முன்னால் ஒரு தாளை வைத்தார்கள். 2005இல் மொன்றியலில் உருவான சோதனை. உலகமெங்கும் பாவிக்கிறார்கள், முப்பது புள்ளி. கனசதுரம் ஒன்றைப் பார்த்துக் கீற வேண்டும். மணிக்கூடு கீறி, பதினொன்று பத்துக்கு முள் வைக்க வேண்டும். மூன்று மிருகப் படங்கள்: சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகம். அம்மா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். கனசதுரத்தைப் பார்த்து, "பெட்டி கீறி என்ன செய்யிறது?" என்றார். காண்டாமிருகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "மாடு மாதிரிக் கிடக்கு, கொம்பை மூக்கிலை வைச்சிருக்கு" என்றார். அதைவிட நல்ல வர்ணனை என்ன வேண்டும்? புள்ளி இல்லை. தொலைபேசியில் இருந்த மொழிபெயர்ப்பாளர் திகதி கேட்டபோது, "ஆவணி பிறந்து பத்து நாள்" என்றார். அன்று ஆகஸ்ட் 26. சரிதானே? மொழிபெயர்ப்பாளர் அதை எப்படிச் சொன்னாரோ, அங்கேயும் புள்ளி இல்லை. முப்பதுக்குப் பதினொன்று.

அம்மாவுக்கு நோய் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது, அதை நான் தினமும் பார்க்கிறேன். ஆனால் அந்தப் பத்தொன்பது புள்ளியில் எத்தனையை நோய் தின்றது, எத்தனையை ஐந்தாம் வகுப்பு தின்றது, எத்தனையைத் தொலைபேசி தின்றது? இதற்கு எனக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அந்தத் தாளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு என்று பிறகு அறிந்தேன். ஆனால் காண்டாமிருகம் தமிழிலும் காண்டாமிருகம்தான்.

இரண்டாம் நாள், வெள்ளி: விக்வெம்கூங்

தீவின் கிழக்குக் கரையில் விக்வெம்கூங். ஊர் எல்லைப் பலகையில், யாருக்கும் விட்டுக்கொடுக்காத நிலம் என்று பெருமையாக எழுதியிருக்கிறார்கள். 1862இல் தீவின் பெரும்பகுதியை அரசாங்கம் ஒப்பந்தம் போட்டு வாங்கியபோது, இந்தக் கிழக்குப் பக்கத்துத் தலைவர்கள் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள். ஒஜிப்வே, ஒடாவா, பொட்டவாட்டமி என்று மூன்று பூர்வகுடி மக்களும் சேர்ந்து வாழும் மண்.

போவதற்கு முன் மருமகள் ஒரு சின்னப் புகையிலைப் பொட்டலத்தைக் கையில் எடுத்தாள். மூத்தவர்களிடம் ஒன்றைக் கேட்டு அறியப் போனால் புகையிலை கொடுத்துத்தான் கேட்க வேண்டும், அது இங்கே மரியாதை. அம்மா பொட்டலத்தைக் கண்டதும், "வெத்திலை எங்கை?" என்றார். வெறும் புகையிலையைக் கொண்டுபோய் ஒருவர் வீட்டு வாசலில் நிற்பது அவருக்கு அரைகுறை மரியாதையாகப் பட்டிருக்கிறது. எனக்கும் அது சரியென்றே பட்டது.

எங்களைச் சந்திக்க ஒத்துக்கொண்டவர் இந்த ஊரில் பிறந்து, இங்கேயே முதியவர்களோடு வேலை செய்யும் பெண். என் வயது இருக்கும். கதிரையில் அமர்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எழுதப் போகிறீர்களா?" ஓம் என்றேன். "என் பெயர் வேண்டாம். படம் வேண்டாம். போட முதல் நான் வாசிக்க வேண்டும்." தமிழில் எழுதுவேனே என்றேன். "இவ ஆங்கிலத்தில் சொல்லட்டும்" என்று மருமகளைக் காட்டினார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

முதலில் எனக்குச் சுருக்கென்றது. பிறகு யோசித்தேன். இந்த மக்களிடம் வந்து கேட்டவர்கள், எடுத்தவர்கள், கொண்டுபோனவர்கள் கதை நீளமானது. 1940களிலும் 50களிலும் விடுதிப் பள்ளிகளில் அடைத்து வைத்திருந்த பூர்வகுடிப் பிள்ளைகளைப் பட்டினியில் வைத்தே ஊட்டச்சத்து ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். 2013இல் இயன் மொஸ்பி என்ற வரலாற்றாளர் ஆவணங்களைத் தோண்டி எடுத்த பிறகுதான் நாட்டுக்கே தெரிய வந்தது. 1980களில் மேற்குக் கரையின் நூ-சா-நுல்த் மக்கள் 883 பேர், மூட்டுவாத ஆராய்ச்சிக்கென்று இரத்தம் கொடுத்தார்கள். ஆராய்ச்சியாளர் நாடு மாறிப் போனார். இரத்தமும் அவரோடு போனது. கொடுத்தவர்களைக் கேட்காமலே வேறு ஆராய்ச்சிகளுக்குப் பயன்பட்டது. திரும்பி வந்தது 2004இல். இதற்கெல்லாம் பிறகு ஒருத்தி கொப்பியும் பேனையுமாக வந்து நின்றால், "முதலில் நான் வாசிக்க வேண்டும்" என்று சொல்லாமல் என்ன சொல்வார்கள்?

இனி, மொன்றியல் தாளுக்குப் பதிலாக இந்த மக்கள் தங்களுக்கென்று செய்துகொண்ட சோதனைக்கு வருகிறேன். இதன் பிறப்பிடம் கனடா இல்லை, அவுஸ்திரேலியாவின் வடமேற்கில் இருக்கும் கிம்பர்லி. அங்கே ஆதிக்குடி முதியவர்களுக்கு வெள்ளைக்காரத் தாள்கள் பொருந்தவில்லை என்று கண்டு, அவர்களோடு இருந்தே புதிதாக ஒன்றைச் செய்தார்கள். திகதி கேட்காது, இது பென்சன் வரும் கிழமையா என்று கேட்கும். கனசதுரம் கீறச் சொல்லாது, இந்தப் போத்தலைத் திறந்து கோப்பைக்குள் தண்ணி ஊற்று என்று சொல்லும். மிருகம் காட்டினாலும் ஈமுவும் முதலையும்தான், காண்டாமிருகம் இல்லை. 2008இல் வெளிவந்த அவர்களின் ஆய்வில், 45 வயது தாண்டிய 363 பேரில் 12.4 சதவீதமானவர்களுக்கு டிமென்சியா. அதே வயதுக்கு மேற்பட்ட அவுஸ்திரேலியர்கள் மொத்தமாக எடுத்தால் 2.4. ஐந்து மடங்கு வித்தியாசம். சரியான தாள் வரும் வரை இந்தக் கணக்கு வெளியே வரவே இல்லை.

மனிட்டூலின் மக்கள் அதை அப்படியே தூக்கிக்கொண்டு வரவில்லை. ஹூரன் ஏரிக்கரையில் முதலைக்கு என்ன வேலை? கிறிஸ்டன் ஜாக்லின் என்ற மருத்துவ மானிடவியலாளரும், ஹோடனோஷோனி என்ற பூர்வகுடி மக்களைச் சேர்ந்த ஜெனிஃபர் வாக்கர் போன்ற ஆய்வாளர்களும் ஒரு பக்கம். தீவின் மூத்தோரும் மொழி தெரிந்தவர்களும் தாதிமாரும் மறுபக்கம். கேள்வி கேள்வியாக எடுத்து, இதை எங்கள் பாட்டியிடம் கேட்கலாமா, எப்படிக் கேட்பது, இதற்கு எங்கள் மொழியில் சொல் உண்டா என்று வருஷக்கணக்காக இருந்து பேசியிருக்கிறார்கள். உருவான விதத்தை விவரிக்கும் ஆய்வுக் கட்டுரை 2020இல் வந்தது. கட்டுரை எழுதியவர்கள் பட்டியலில் இந்தச் சமூகத்துப் பெயரும் உண்டு. உதவியவர்களுக்கு நன்றி என்று அடியில் ஒரு வரி போட்டுக் கடத்திவிடவில்லை.

"சொற்களை மாற்றியது சின்ன வேலை" என்றார் அந்தப் பெண். "யார் கேட்பது, எங்கே இருந்து கேட்பது, அதுதான் பெரிசு. மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் பென்சிலோடு இருந்து, நீ பிழை என்று முகத்தால் சொல்கிறார் என்று வையுங்கள். எங்கள் மூத்தவர்களுக்கு அது எந்த இடம்? பள்ளிக்கூடம்."

விடுதிப் பள்ளிக்கூடத்தைச் சொல்கிறார். இந்த ஊரில் யேசு சபையார் நடத்திய பள்ளிகள் 1913இல் ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்பானிஷ் என்ற ஊருக்குப் போயின. தீவின் பிள்ளைகளும் அங்கே போனார்கள். சொந்த மொழி பேசினால் அடி. அப்படி வளர்ந்த பிள்ளைக்கு இப்போது எண்பது வயது. அவரிடம் போய் ஆங்கிலத்தில், தாளும் பென்சிலும் வைத்து, நேரம் பார்த்து, உன் மூளை வேலை செய்கிறதா என்று கேட்டால் அவரின் வாய் அடைத்துப்போகும். வாய் அடைத்ததற்கும் ஒரு புள்ளி குறையும்.

இந்த இடத்தில் ஒரு பந்தி இருந்தது. இப்போது இல்லை. காரணம் நாளைய பதிவில்.

நாங்கள் கதைத்துக்கொண்டிருந்த அறையின் மூலையில் அம்மாவும், ஊர் மூதாட்டி ஒருவரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில். இருவருக்கும் பொது மொழி கிடையாது. மேசையில் தேத்தண்ணியும், பனொக் என்ற தட்டையான ரொட்டியும், புளூபெரி ஜாமும். அம்மா ரொட்டியைப் பிய்த்துப் பார்த்து, "நல்லாய்க் குழைச்சிருக்கு, ஆனால் தேங்காய்ப்பூ போடேல்லை" என்று தமிழில் தீர்ப்புச் சொன்னார். அந்த மூதாட்டி தன் மொழியில் ஏதோ சொன்னார். அம்மா "ஓம் ஓம்" என்றார். நாற்பது நிமிஷம் இப்படிப் போனது. ஒருவர் மற்றவருக்கு ஒன்றையும் திரும்பச் சொல்லும்படி கேட்கவில்லை. "போன கிழமை சொன்னேனே, மறந்துபோனாயா?" என்று யாரும் யாரையும் குத்தவில்லை. மூன்று வருஷத்தில் அம்மா ஒரு ஆளோடு அவ்வளவு நேரம் இருந்து கதைத்ததை நான் காணவில்லை.

வெளிக்கிடும்போது அம்மா வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, "அவர் பின்னாலை வாறாரோ?" என்றார். அவர் என்றால் அப்பா. அப்பா போய் பதினொரு வருஷம். நான் வழக்கம்போல, "வருவார் அம்மா, நீங்கள் ஏறுங்கோ" என்றேன். அந்தப் பெண் என்னவென்று கேட்க, சொன்னேன். வேலையிடத்தில் இப்படி ஒன்று நடந்தால் பதிவேட்டில் 'பிரமை' என்று எழுதி நேரம் போட வேண்டும். பதினாறு வருஷமாக அப்படித்தான் எழுதி வருகிறேன். இங்கே சில குடும்பங்கள் அதை வேறு மாதிரிப் பார்க்கும் என்றார் அவர். வாழ்க்கை ஒரு வட்டம், போகும் காலம் கிட்ட வரும்போது அந்தப் பக்கத்து ஆட்களோடு பழக்கம் கூடுவது புதினமில்லை, ஆள் பயப்படுகிறாரா இல்லையா என்றுதான் பார்ப்போம் என்றார். அம்மா பயப்படவில்லை. அப்பா நடக்கப் பிந்துகிறார் என்று கொஞ்சம் கோபம்தான்.

ஊர் நடுவே, 1954இல் எரிந்துபோன மிஷன் கட்டடத்தின் கற்சுவர்கள் கூரையில்லாமல் நிற்கின்றன. காரிலிருந்தே பார்த்தோம். அம்மா நித்திரை.

மூன்றாம் நாள், சனி: சீப்பு, கோப்பை, நெருப்புப்பெட்டி

நேற்றைய பதிவு இன்று மத்தியானம்தான் ஏறியது. இரவே எழுதி முடித்துவிட்டேன். மருமகள் அதை வரி வரியாக ஆங்கிலத்தில் சொல்லி அனுப்ப, காலை பத்துக்குப் பதில் வந்தது. ஒரு பந்தியை எடுக்கச் சொன்னார். ஒரு குடும்பத்தின் கதை அது. பெயர் போடவில்லை, ஊரும் சொல்லவில்லை, அடையாளம் தெரியாது என்றுதான் நினைத்தேன். சின்ன ஊரில் அது போதாதாம். அடையாளம் தெரியுமோ தெரியாதோ, அந்தக் கதை தன்னுடையதும் இல்லை, கொடுப்பதற்கு என்று எழுதியிருந்தார்.

உண்மையைச் சொன்னால், பதிவிலேயே நல்ல பந்தி அதுதான். எடுத்துவிட்டேன்.

"இதுதான் மாமி நான் பாடத்திலை படிச்சது" என்றாள் மருமகள். 1998இல் கனடாவின் பூர்வகுடிகள் வகுத்த நாலு கொள்கைகள்: தங்களைப் பற்றிய தகவல் யாருடைய உடைமை, யார் கட்டுப்பாட்டில், யார் எடுத்துப் பார்க்கலாம், யார் கைவசம் இருக்கும். நாலுக்கும் ஒரே விடை, அந்தச் சமூகம். மனிட்டூலின்காரர் 2003இலேயே தங்களுக்கென ஆராய்ச்சி ஒழுங்குகளை எழுதி, வரும் ஆராய்ச்சிகளைப் பரிசீலிக்கக் குழுவும் வைத்துவிட்டார்கள். எந்தப் பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து வந்தாலும் இந்தக் குழுவின் வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும். எங்கள் பக்கத்தில் நினைத்துப் பார்த்தேன். ஸ்காபரோவில் கோயில் மண்டபத்தில், ஆய்வுக்கு வந்திருக்கிறோம் என்று கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள் நின்றால், நாங்கள் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். போன தாள் எங்கே போனது என்று ஒரு நாள் கேட்டதில்லை.

மழை விட்டு விட்டுப் பெய்தது. ககவோங் அருவி வரை போய், குடைக்குள் நின்று பார்த்துவிட்டு வந்தோம். அழகான இடம்தான். அம்மாவுக்குக் கால் நனைந்தது பிடிக்கவில்லை. வழியெல்லாம் பற்றைகளில் சிவப்புச் சிவப்பாய் ஹோ பெரி பழம். தீவில் பிறந்தவர்களுக்கு இந்தப் பழந்தின்னிகள் என்றே செல்லப் பெயர்.

மத்தியானத்துக்குப் பிறகு மோட்டல் அறைக்குள் அடைந்துவிட்டோம். கிம்பர்லித் தாளில் ஒரு பகுதி எப்படியிருக்கும் என்று மருமகள் காட்டினாள். "இது சோதினை இல்லை மாமி, நான் இதுக்குப் பயிற்சி எடுத்த ஆளும் இல்லை, புள்ளி போட மாட்டன்" என்று மூன்று தரம் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினாள். மூன்று சாமான்: சீப்பு, கோப்பை, நெருப்புப்பெட்டி. ஒவ்வொன்றும் என்ன, எதற்குப் பாவிப்பது என்று கேட்க வேண்டும். பிறகு ஆள் பார்த்துக்கொண்டிருக்க மூன்றையும் மூன்று இடத்தில் வைத்துவிட்டு, கொஞ்சம் கழித்து எங்கே வைத்தோம் என்று கேட்க வேண்டும்.

நெருப்புப்பெட்டி நான் சாமி விளக்குக்குக் கொண்டுவந்தது. அம்மா அதைக் கையில் வாங்கிக் காதுக்குக் கிட்ட வைத்து ஆட்டினார். "பத்துப் பன்னிரண்டு குச்சி கிடக்கும்" என்றார். திறந்து எண்ணினோம், பதினொன்று. சீப்பை வாங்கி, சொல்லாமலே மருமகளின் தலையை இழுத்து மடியில் வைத்து இழுக்கத் தொடங்கிவிட்டார். நல்ல இழுவை. பிள்ளைக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது.

பிறகு ஒளித்து வைக்கும் கட்டம். சீப்பு தலையணைக்குக் கீழே, கோப்பை யன்னல் ஓரம், நெருப்புப்பெட்டி மேசை லாச்சிக்குள். பத்து நிமிஷம் வேறு கதை. "அப்பம்மா, சீப்பு எங்கை?" தெரியாது. "கோப்பை?" "நீதானே குடிச்சனி." "நெருப்புப்பெட்டி?" அம்மா எங்களை ஒரு பார்வை பார்த்தார். "நீங்கள் ஏன் என்ரை சாமானெல்லாம் எடுத்து ஒளிக்கிறியள்?"

மருமகள் லாச்சியைத் திறந்தாள். நெருப்புப்பெட்டி அங்கே இல்லை. அறை முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. நாங்கள் இருவரும் கட்டிலுக்குக் கீழே தவழ்ந்து தேட, அம்மா நிம்மதியாக ரீவி பார்த்தார். இப்போது இரவு பத்தரை. இன்னும் கிடைக்கவில்லை. இந்த மோட்டல் மரத்தால் கட்டியது. இன்று நான் நித்திரை கொள்ளப் போவதில்லை.

நாலாம் நாள், ஞாயிறு: பாலமும் சட்பரியும்

திரும்புவது தரை வழியாக. லிட்டில் கறன்ற் என்ற ஊரில் ஒரு பழைய இரும்புப் பாலம் இருக்கிறது, 1913இல் ரயிலுக்காகக் கட்டியது, ஒரு வண்டி மட்டும் போகும் அகலம். தீவுக்குத் தரைவழி இது ஒன்றுதான். படகுகள் போக வேண்டும் என்று பகலில் மணிக்கு ஒரு தரம் பாலத்தையே திருப்பி வைத்துவிடுவார்கள், பதினைந்து நிமிஷத்துக்கு வாகனமெல்லாம் நிற்க வேண்டும். நாங்கள் சரியாகப் பதினொரு மணிக்குப் போய் மாட்டினோம். காத்திருக்கையில் அம்மாவுக்கு மூக்குத் துடைக்க ரிஷ்யூ எடுப்போம் என்று அவரின் கைப்பையைத் திறந்தேன். லேஞ்சிக்குள் சுற்றி, நாலு முடிச்சுப் போட்டு, நெருப்புப்பெட்டி.

"இதை ஏன் அம்மா எடுத்தனீங்கள்?"

"லாச்சிக்குள்ளை விட்டால் நமத்துப்போம். மழையல்லே."

மருமகள் ஸ்ரியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாள். இதற்கு எந்தத் தாளில் எத்தனை புள்ளி என்று எனக்குத் தெரியாது.

சட்பரி வரை ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். இதை வேண்டுமென்றே கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தேன். தீவில் ஒருவருக்குத் தாள் சரியாக வைத்து, நோய் இருக்கும்போல என்று கண்டுபிடித்தால், அடுத்த கட்டத்துக்குப் பெரும்பாலும் இந்தத் தெருவால்தான் வர வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தார். மூளைப் படம், நிபுணர் எல்லாம் பட்டினத்தில். இது செப்டம்பர், வெயில் எறிக்கிறது. தை மாதப் பனியில், இரவெல்லாம் முழித்திருந்த எண்பது வயது ஆளைக் காரில் கட்டி இந்தத் தெருவில் கொண்டுவருவதை நினைத்துப் பாருங்கள். நல்ல தாள் இருப்பதால் மட்டும் தெரு குறுகிவிடாது. போகும்போது எனக்குள் இருந்த புளுகம், தங்களுக்கென்று ஒரு சோதனை செய்துவிட்டார்கள், வென்றுவிட்டார்கள் என்பது, இந்தத் தெருவில் பாதி இறங்கிவிட்டது. அவர்கள் வென்றதாகச் சொல்லவும் இல்லை. "முதலில் எங்களை எண்ணத் தொடங்கினார்கள்" என்று மட்டும்தான் சொன்னார்.

எண்ணிக்கையையும் சொல்லிவிடுகிறேன், சட்பரியில் கோப்பி குடிக்க நின்றபோது மருமகள் காட்டியது. அல்பேர்ட்டா மாகாணத்தின் 2009ஆம் ஆண்டுத் தரவில், வயது வித்தியாசத்தைச் சரிசெய்த பிறகும் பூர்வகுடியினரிடம் டிமென்சியா மற்றவர்களை விட 34 சதவீதம் கூட. நீரிழிவு, இரத்த அழுத்தம், தலையில் பட்ட அடி, பாதியில் நின்ற படிப்பு, கைக்கெட்டாத வைத்தியம் என்று காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. ஒவ்வொன்றையும் பின்னால் இழுத்துக்கொண்டு போனால், பறித்த நிலத்திலும் அந்தப் பள்ளிக்கூடத்திலும் போய் முட்டும். கனடா அல்சைமர் சங்கம் 2024இல் வெளியிட்ட கணிப்பில், 2020இல் 10,800ஆக இருந்த பூர்வகுடி நோயாளர் தொகை 2050இல் 40,300ஆகும். அதே அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது: 2050இல் இந்த நாட்டில் டிமென்சியா வருபவர்களில் நாலு பேருக்கு ஒருவர் ஆசிய வழி வந்தவராக இருப்பார். அந்த நாலில் ஒருவர் என் பின் சீற்றில் இருந்து, கோப்பிக் கடைக் கடதாசி மட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

இரவு எட்டரைக்கு ஸ்காபரோ. அம்மா படியில் நின்று, "ஆர்ரை வீடு?" என்றார். நாலு நாளும் வெளியே இருந்ததற்கு இது வரும் என்று எதிர்பார்த்ததுதான். உள்ளே போய் அடுப்படியைக் கண்டதும் ஆறிவிட்டார்.

தபால் பெட்டியில் கடிதம். வருடாந்த மீள்பரிசோதனை, ஒக்ரோபர் நடுப்பகுதி, அதே இடம். போகத்தான் போகிறோம். ஆனால் இந்த முறை தொலைபேசி வேண்டாம், தமிழ் கதைக்கிற ஆள் அறைக்குள் இருக்க வேண்டும் என்று நாளைக்கே எடுத்துச் சொல்லப் போகிறேன். தமிழ் மாதம் சொன்னால் அதையும் சரியென்று எழுத வேண்டும். தாள் எங்கே போகும், யார் பார்ப்பார்கள் என்றும் கேட்கப் போகிறேன். மருமகளைக் கூட வரச் சொல்லியிருக்கிறேன். "மாமி, சண்டை பிடிக்கக்கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் ஒத்துக்கொண்டாள்.

அம்மா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"லோஞ்சு ரிக்கெற்றோ?"